ரேடியோக்காரரின் நாற்காலி

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்துக்கு டிக்கெட் எடுப்பார்கள். ஒன்று, கரையேற்றி நிறுத்தியிருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். இன்னொன்று, சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் டியூ-142 விமானம். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம், நான்கு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர். 2017 மார்ச் 29 அன்று கடற்படையிடம் விடைபெற்று, அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகம் ஆனது. உள்ளே ஏறியதும் கூட்டம் நேராக விமானி அறைப் பக்கம்தான் முண்டும். ஸ்டியரிங்கைப் பார்க்கணும், செல்ஃபி எடுக்கணும். ரேடியோவுக்குக் காதுகொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாதபடிதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். விமானம் என்றால் விமானி, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆண்டுக்கு ஒரு நாளாவது அந்த விமானத்துக்குள் ஒரு ஹாம் ரேடியோ நிலையம் இயங்க வேண்டும். அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர், “இது இந்தியக் கடற்படையின் டியூ-142லிருந்து” என்ற குரலைக் கேட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. விமானத்தில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், நான் அரக்கோணத்துக்காரன். 1992இல் இங்கே ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த விமானங்கள் ஓய்வு பெறும் வரை அவற்றின் சத்தத்தில்தான் எங்கள் ஊர் தூங்கி எழுந்தது. ஜெட் விமானத்தின் கிறீச்சென்ற சத்தம் இல்லை அது. வயிற்றுக்குள் இறங்குகிற ஒரு தடித்த உறுமல். வீட்டு ஜன்னல் கண்ணாடி முதலில் சொல்லும், பிறகுதான் காது கேட்கும். அமெரிக்கக் கூட்டணிப் படைகள் இந்த வகை விமானத்துக்கு ‘கரடி’ என்று பெயர் வைத்தார்கள். நம் கடற்படையில் 312ஆவது படைப்பிரிவுக்கு ஆல்பட்ராஸ் என்ற கடல்பறவையின் பெயர். எங்கள் தெருவில் எந்தப் பெயரும் கிடையாது. “பெரிசு போகுது” என்பார்கள்.

என் பிழைப்பு தந்தி இலாகாவில். டெலிகிராபிஸ்டாகச் சேர்ந்து, மோர்ஸ் கீயில் ஆரம்பித்து, டெலிபிரிண்டர் பார்த்து, கடைசியில் 2013 ஜூலை 14 இரவோடு தந்திச் சேவையே மூடியதையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஹாம் உரிமம் எண்பதுகளில் எடுத்தது. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஹாம் ரேடியோ என்பது அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் ஓர் அழைப்புக்குறியும் வாங்கிக்கொண்டு, சொந்த டிரான்ஸ்மிட்டரில் உலகத்தின் மற்ற உரிமதாரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. காசு சம்பாதிக்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து முதலில் செய்தி சொன்னவர்களில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணியின் குழுவும் ஒன்று என்பது சிலருக்கு நினைவிருக்கலாம். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

பழைய போர் விமானத்துக்குள் உட்கார்ந்து ஹாம் ரேடியோ இயக்குவது என் கற்பனை இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெகுகாலமாக நடப்பதுதான். கப்பல்களில் இன்னும் அதிகம்: ஜூன் மாத முதல் வாரக் கடைசியில் உலகமெங்கும் அருங்காட்சியகக் கப்பல்களிலிருந்து ஹாம்கள் பேசுவார்கள். லண்டனில் தேம்ஸ் நதியில் நிற்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்டில் நிரந்தரமாகவே ஒரு ஹாம் நிலையம் இருக்கிறது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட யு.எஸ்.எஸ். மிசூரியிலும் உண்டு. விமானங்களில் இடம் குறுகல், அதனால் எண்ணிக்கையும் குறைவு. அமெரிக்காவில் நவம்பர் 11, முன்னாள் படைவீரர் நாள் வந்தால், உள்ளூர் ஹாம் சங்கம் அருங்காட்சியகத்தாரிடம் அனுமதி கேட்டு, பழைய பி-17 குண்டுவீச்சு விமானத்திலோ சி-47 போக்குவரத்து விமானத்திலோ ரேடியோ இருக்கையைத் தூசி தட்டி உட்காரும். அங்கே இப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் எழுத்து என்று மூன்றே குறிகள் கொண்ட அழைப்புக்குறியைத் தற்காலிகமாகக் கொடுக்கிறார்கள். பறக்கும் விமானத்திலிருந்தும் ஹாம்கள் பேசலாம். ஆனால் விமானத்தின் தலைமை விமானி சம்மதிக்க வேண்டும், ஹாம் கருவி விமானத்தின் சொந்த ரேடியோவோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும், அதற்கு எந்த இடைஞ்சலும் செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். சரியான விதி.

2001 வாக்கில், ஒரு விடியற்காலை, 14 மெகாஹெர்ட்ஸில் அப்படி ஒரு மூன்று குறி நிலையம் என் காதில் விழுந்தது. மோர்ஸ். வேகம் மிகக் குறைவு. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், மோர்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. கையெழுத்து மாதிரி மாறாதது. இந்தக் கை கோடுகளைக் கொஞ்சம் இழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, பட்டாளத்துப் பயிற்சி என்று அடித்துச் சொல்லுகிற கை. பதில் கொடுத்தேன். காட்சிக்கு நிறுத்தியிருக்கும் ஒரு சி-47க்குள்ளிருந்து அடிக்கிறார். வயது எண்பதைத் தொட்டவர். போரில் ரேடியோ ஆபரேட்டர், போருக்குப் பின் ஹாம். நான் தென்னிந்தியா என்றதும் ஒரு நிமிடம் மௌனம். பிறகு ஒரு சொல் மட்டும் வந்தது: சபுவா.

சபுவா அசாமில் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை அங்கிருந்தும் பக்கத்து ஓடுதளங்களிலிருந்தும் அமெரிக்க விமானங்கள் இமயத்தின் கிழக்குச் சரிவைத் தாண்டிச் சீனாவுக்கு எரிபொருளும் குண்டுகளும் சுமந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் திரும்பவில்லை. அவருடைய ரேடியோ வேலை நம் மண்ணிலிருந்து கிளம்பித்தான் நடந்திருக்கிறது. அனுப்புவது புது டிரான்ஸ்மிட்டர், ஆனால் கேட்பது அந்தக் காலத்து பிசி-348 ரிசீவரில் என்றார். அந்த ரிசீவரைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். கீழே 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பிறகு தாவி 1.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 18 வரை கேட்கும். நடுவில் விட்டுப்போனது மீடியம் வேவின் பெரும்பகுதி, அதாவது உள்ளூர் நிலையங்களின் பாட்டும் செய்தியும் வருகிற இடம். பத்து மணி நேரம் ஹெட்போனோடு உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் ஒரு பாட்டுக் கேட்க வழியில்லாத ரேடியோ! பல மாதம் கழித்துத் தபாலில் வந்த அவருடைய க்யூஎஸ்எல் கார்டில், அதாவது தொடர்பை உறுதிசெய்யும் அட்டையில், விமானத்தின் படமும், பேனாவால் எழுதிய ‘சபுவா, 1944’ என்பதும் இருந்தன. வேறு ஒன்றும் எழுதவில்லை.

பேட்டி எடுத்திருந்தால் அவர் இவ்வளவு சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பட்டாளத்துக்காரர்களிடம் மைக்கை நீட்டி “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அட்டென்ஷனில் நின்றுவிடுவார்கள். அவர்கள் வேலை செய்த இடத்தில், வேலை செய்த கருவிக்கு முன்னால் உட்கார வைத்தால் கை தானாகப் பேசும். இதைத்தான் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் மாற்றாக நான் பார்க்கிறேன்.

ஹாம்களுக்கும் போர் ரேடியோக்காரர்களுக்கும் உள்ள உறவு வெறும் மரியாதை உறவும் இல்லை. கொடுக்கல் வாங்கல் உறவு. போர் வந்ததும் அமெரிக்காவில் ஹாம் ஒலிபரப்புகளை அரசு நிறுத்தியது. காற்றில் பேச முடியாமல் போனவர்கள் ஏராளமானோர் சிக்னல் பிரிவுகளில் சேர்ந்தார்கள். மோர்ஸ் ஏற்கெனவே தெரிந்த ஆள் கிடைத்தால் எந்தப் படை விடும்? போர் முடிந்ததும், விமானங்களிலிருந்து கழற்றிய ரேடியோக்கள் மலைமலையாகக் கழிவு விலைக்கு வந்தன. ஐம்பது, அறுபதுகளின் ஹாம் நிலையங்களில் பல அந்தப் பெட்டிகளால் ஆனவைதான். நம் ஊரிலும் அந்தச் சரக்கு சென்னை மூர் மார்க்கெட் வரை வந்தது என்று எனக்கு மூத்த ஹாம்கள் சொல்வார்கள். கருவி இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைக்காத காலத்தில் ஒரு போர்க்காலச் சுருளும் கண்டென்சரும் கிடைப்பது கல்யாணச் சீர் கிடைத்த மாதிரி. ஆகவே அந்த இருக்கைகளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ரேடியோ இருக்கை எனக்குப் படத்தில் மட்டுமே பழக்கம். அதில் மார்க்கோனி கம்பெனியின் டி-1154 டிரான்ஸ்மிட்டரின் குமிழ்களுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறம் கொடுத்திருப்பார்கள், அலைவரிசைக்கு ஒரு நிறம். நள்ளிரவில், குளிரில், விமானத்தை விளக்கொளி துரத்தும்போது எண்களைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. நிறம் பார்த்துத் திருப்பு என்பது ஏற்பாடு. விமானத்தில் சூடான காற்று வரும் குழாய் ரேடியோக்காரர் பக்கத்தில்தான் திறந்தது. மற்றவர்கள் விறைத்துக்கொண்டிருக்க அவர் வியர்த்துக்கொண்டிருப்பார். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,573 பேர். விமானத்துக்கு ஏழு பேர் என்று கணக்குப் போட்டால், அதில் ரேடியோக்காரர்கள் எத்தனை ஆயிரம் என்று வாசகர்களே ஊகிக்கலாம்.

இப்போது நமக்கு உறைக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவில் பறக்கும் நிலையில் பாதுகாக்கப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் மிகப் பெயர்பெற்ற ஒன்று நம் இந்திய விமானப்படையில் பறந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனது. யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்பதற்காகவே செய்த சேதம். அந்தக் குப்பையிலிருந்து இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் ஒவ்வொன்றாகத் தேற்றி எடுத்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1948 முதல் 1968 வரை இருபதாண்டு நம் விமானப்படை அவற்றை வைத்திருந்தது. உலகத்தின் கடைசி லிபரேட்டர் படைகளில் ஒன்று நம்முடையது. ஓய்வு கொடுத்த பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயின. லண்டனில் ஒன்று, அரிசோனாவில் ஒன்று, கனடாவில் ஒன்று. பறக்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அமெரிக்க விமானமும் இங்கிருந்து போனதுதான். அங்கே அதற்கு அமெரிக்கப் படையின் வண்ணம் பூசி, அமெரிக்கப் பெயர் எழுதி, அமெரிக்க வீரர்களுக்கு மரியாதை செய்கிறார்கள். தப்பில்லை, அவர்கள் காசு, அவர்கள் உழைப்பு. ஆனால் அதில் இருபதாண்டு உட்கார்ந்த இந்தியச் சிக்னலர்கள் எந்தக் கணக்கில்? நம்மிடமும் ஒரு லிபரேட்டர் டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது.

பறக்கவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய போர் விமானங்களைப் பறக்கவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டில் நைன்-ஓ-நைன் என்ற பி-17, பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பர் 12 அன்று டல்லஸ் விமானக் காட்சியில் ஒரு பி-17உம் ஒரு சிறு போர் விமானமும் மோதி ஆறு பேர். அதுவும் முன்னாள் வீரர் நாளையொட்டிய வாரக் கடைசியில். இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த இன்னும் ஆறு பேரா? நம் விமானப்படையிடம் ‘பரசுராமா’ என்ற பறக்கும் டகோட்டா, அதாவது சி-47 வகை விமானம், இருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் படை இறக்கிய விமானத்தின் விபி-905 என்ற எண்ணையே அதற்கும் கொடுத்திருக்கிறார்கள். 2018இல் பிரிட்டனிலிருந்து பறந்தே வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பராமரிப்பவர்கள் தேர்ந்தவர்கள், பறக்கட்டும். ஹாம்கள் அதில் தொற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. தரையில் நிற்கும்போது ஒரு மணி நேரம் அனுமதித்தால் போதும்.

தரையில் நிற்கும் விமானத்தில் நிலையம் அமைப்பது எப்படி? விசாகப்பட்டினம் டியூ-142ஐயே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் சொந்த ரேடியோவைத் தொடவே கூடாது. பழைய கருவிக்கு மின்சாரம் கொடுத்தால் கண்டென்சர் வெடிக்கும், அருங்காட்சியகத்தாருக்கு நெஞ்சு வெடிக்கும். ஒரு சூட்கேஸில் அடங்கும் நூறு வாட் டிரான்சீவர், ஒரு கார் பேட்டரி, இருக்கைக்கு முன் ஒரு மடக்கு மேசை. ஆன்டெனாவை உள்ளே வைத்தால் அலுமினிய உடல் அலையை விழுங்கிவிடும். அதனால் வெளியே புல்வெளியில் ஒரு ஃபைபர் கம்பம் நட்டு, இருபது மீட்டர் செப்புக் கம்பியை இரண்டு பக்கமும் சரித்துக் கட்டி, கேபிளைத் திறந்திருக்கும் கதவு வழியாகவே கொண்டு வரலாம். மாலையில் சுருட்டினால் இடம் இருந்தபடி இருக்கும். மேற்பார்வைக்கு ஒருவர், பார்வையாளர்களுக்கு விளக்க ஒருவர், கருவியில் ஒருவர், குறிப்பேடு எழுத ஒருவர். மதியம் உள்ளே அடுப்பு போலக் கொதிக்கும் என்பதால் வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்வது நல்லது, குறிப்பாக வயதானவர்கள் வரும்போது. விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கோணம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அந்தத் தூரத்துக்கென்றே செய்தது மாதிரி கேட்கும். அந்த விமானம் அதன் பழைய வீட்டோடு பேசலாம்.

அனுமதிக்கு இரண்டு கதவு தட்ட வேண்டும். அருங்காட்சியகத்தைப் பராமரிக்கும் விசாகப்பட்டினம் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒன்று. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு இன்னொன்று. ஏடி, ஏயு என்று தொடங்கும் சிறப்பு அழைப்புக்குறிகளை விழாக்களுக்கு அவர்கள் கொடுத்து வருகிறார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்குக்கூட ஒன்று உண்டு. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம்.

பாதுகாப்பு என்று ஒரு கேள்வி வரும். கடற்கரையில் டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் ஏறுகிற விமானத்தில் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. ஹாம் பேச்சில் மறைமொழிக்கு இடமில்லை. பேசுவதை ஊரே கேட்கலாம், அரசும் கேட்கலாம். விமானத்தளத்துக்குள் நிற்கும் விமானங்கள் வேறு கதை, அவற்றை நான் கேட்கவில்லை. உரிமம் இல்லாதவர் மைக்கில் பேச நம் விதிகளில் இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். பரவாயில்லை. ஓய்வு பெற்றவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்கட்டும், குறிப்பேட்டில் அழைப்புக்குறிகளை எழுதட்டும், வருகிற பிள்ளைகளுக்கு எது எதற்கு என்று காட்டட்டும். அவர்களில் பலர் மோர்ஸ் தெரிந்தவர்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்குவது அவர்களுக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. அடுத்த ஆண்டு அவர்களே கீயைப் பிடிக்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் அதிகாரிகளைப் பற்றி இல்லை, என் சக ஹாம்களைப் பற்றி. சிறப்பு அழைப்புக்குறி என்றால் எங்களுக்கு ஒரு வெறி பிடிக்கும். ஐந்து நொடிக்கு ஒரு தொடர்பு, சிக்னலுக்கு மதிப்பெண்ணாக “ஃபைவ் நைன், தேங்க் யூ”, அடுத்த ஆள். மாலையில் எத்தனை ஆயிரம் என்று மார்தட்டல். போதாக்குறைக்கு எஃப்டி-8 என்ற கணினி முறை வந்திருக்கிறது. 2017இல் வந்தது; நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் என்ற விஞ்ஞானியின் பங்களிப்பு. அறிவியலாக அற்புதம். ஆனால் அதில் கணினியும் கணினியும் பேசிக்கொள்கின்றன, மனிதன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். ரேடியோக்காரருக்கு மரியாதை செய்ய ரேடியோக்காரரே இல்லாத ஒரு முறையா? அந்த ஒரு நாள் மட்டும் குரலும் மோர்ஸும் போதும். எதிர்முனையில் இருப்பவர் என்ன விமானம், எங்கே பறந்தது, யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். நாளுக்கு நாற்பது தொடர்புதான் ஆயிற்று என்றால் ஆகட்டுமே.

எங்கள் தெருவில் ராஜாளியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சீஃப் பெட்டி ஆபீசர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், இங்கேயே வீடு கட்டிக்கொண்டார். நான் அவரை ‘அண்ணாச்சி’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். பத்து மணி நேரத்துக்கு மேல் கடல்மேல் இருந்த பயணங்களைப் பற்றி எப்போதாவது பேசுவார். “உள்ள சத்தம்னா சத்தம் சார், பக்கத்துல இருக்கவன் பேசறது காதுல விழாது. ஹெட்போன்ல வாறது மட்டுந்தான் உலகம்” என்றார் ஒருமுறை. வலது காது இப்போது மந்தம். இந்த யோசனையை அவரிடம் சொன்னேன். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. “விமானி சார்மாரெல்லாம் வருவாங்களே, நான் போய் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

1948 மே 24 அன்று லே நகரின் புது ஓடுதளத்தில் முதல் டகோட்டாவை இறக்கியவர் மெஹர் சிங். உடன் சென்றவர் தளபதி திம்மையா. ராணுவ வரலாறு படித்தவர்களுக்கு இரண்டு பெயரும் தெரியும். அந்தப் பயணங்களில் ரேடியோவில் இருந்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைலில் பாராசூட் படையை இறக்கிய டகோட்டா, பாக்கெட், ஏஎன்-12 ரக விமானங்களிலும் ரேடியோவைக் கவனித்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள்? 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேவுக்கு 102 பேரோடு கிளம்பிய ஏஎன்-12, வானிலை மோசமாகித் திரும்பும்போது ரோஹ்தாங் கணவாய்ப் பக்கம் தொடர்பு அறுந்து காணாமல் போனது. 35 ஆண்டு கழித்து, 2003இல், பனிப்பாறையில் முதல் தடயம் கிடைத்தது. 2024இல்கூட நான்கு பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அத்தனை ஆண்டுகளாகத் தரையில் இருந்தவர்களிடம் அந்த விமானத்தைப் பற்றி இருந்த கடைசித் தகவல் ரேடியோவில் வந்ததுதான்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அன்று போகியோ பொங்கலோ. முன்னாள் வீரர் வீட்டிலேயே யாருக்கும் ஞாபகம் இராது. அதனால் டிசம்பர் 4 கடற்படை நாளை நான் முன்மொழிகிறேன். விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரையில் கடற்படை சாகசம் காட்டி மக்கள் திரண்டு பழகிய நாள் அது. விமானம் அங்கேயே நிற்கிறது. ஆந்திர ஹாம்களும் தமிழ்நாட்டு ஹாம்களும் சேர்ந்தால் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் என் கருவியோடு வரத் தயார். அருங்காட்சியகத்தை நடத்தும் ஆணையமும் கிழக்குக் கடற்படைத் தலைமையும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். முப்படைகளில் எந்த விமானத்திலாவது ரேடியோ பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதைப் படித்தால், பக்கத்தில் இருக்கும் ஹாம் சங்கத்தைத் தேடிப் போய் உங்கள் பெயரைக் கொடுங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். எந்த விமானம், எந்த ஆண்டு, எந்த இருக்கை என்று சொன்னால் போதும்.